ஆடியில் தாமதமாக வந்த கோள்

அந்தக் கோள் இருந்தால் எனக்கு வேலை இருக்கும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். போன வருஷம் என் பிழைப்பு இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன், அவரும் சிரித்தார்.

பூந்தமல்லி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு பட்டாபிராமில், புதிதாகக் கட்டிய அடுக்ககத்தில் இரண்டாவது மாடி. முனைவர் பட்டம் இல்லாதவர்களை ஜனவரியில் தொடங்கும் பருவத்திலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகம் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டது. நான் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்து பல வருஷம் ஆகியிருந்தது. பிரசவம், மாமியாரின் ஆஸ்பத்திரி, கொரோனா, விடைத்தாள் திருத்தல் என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைச் சொல்லிக் கால நீட்டிப்பு வாங்கியிருந்தேன். இதுதான் கடைசி, இனிமேல் வராதீர்கள் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆராய்ச்சி விஷயத்தைச் சொல்கிறேன். எங்கோ ஒரு நட்சத்திரம். அதை ஒரு கோள் சுற்றுகிறது. நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் அந்தக் கோள் கடந்து போகும்போதெல்லாம் நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி குறையும். சில நாளைக்கு ஒரு தடவை, சொல்லி வைத்த மாதிரி குறையும். அந்தக் கோள் தனிக்கட்டையாக இருந்தால் நேரம் தவறவே தவறாது. பக்கத்தில் இன்னொரு கோள் இருந்து, அது நம் பார்வைக்குக் குறுக்கே வராமலே சுற்றிக்கொண்டிருந்தால், முதல் கோளை அது கொஞ்சம் இழுக்கும். அதனால் முதல் கோள் ஒரு தடவை ஓரிரு நிமிஷம் முந்தி வரும், ஒரு தடவை பிந்தி வரும். இந்த முந்தலையும் பிந்தலையும் வைத்துக்கொண்டு, பார்க்கவே பார்க்காத இரண்டாவது கோள் அங்கே இருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை.

இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். விண்வெளியில் சுற்றிய ஒரு தொலைநோக்கி எடுத்த அளவுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் சாயங்காலம் கல்லூரிப் பேருந்தில் வந்து இறங்கி, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறப்பேன். எனக்கு ஒரு அலை கிடைத்திருந்தது. நான் பிடித்து வைத்திருந்த கோள் கொஞ்ச கொஞ்சமாகப் பிந்தி, பிறகு கொஞ்ச கொஞ்சமாக முந்தி, மறுபடி பிந்தி, அழகாக மேலேறிக் கீழிறங்கிக்கொண்டிருந்தது. அதைத் திரையில் பார்த்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த அலையை உண்டாக்குவது எது என்பதில்தான் குழப்பம். பக்கத்தில் ஒரு சின்னக் கோள் இருந்தாலும் இதே அலை வரும், தள்ளி ஒரு பெரிய கோள் இருந்தாலும் இதே அலை வரும். ஒரு நாள் கணக்கைப் போட்டால் சின்னது என்று வரும். மறுநாள் ஒரு எண்ணை லேசாக மாற்றினால் பெரியது என்று வரும். இரண்டும் சரி என்று கணினி சொல்லும். வகுப்பில் பிள்ளைகள் இப்படி ஒரு விடைத்தாள் எழுதினால் நான் சுழித்துத் தள்ளியிருப்பேன்.

இந்தக் குழப்பத்தில் வந்து சேர்ந்தவர் எதிர் வீட்டு அக்கா. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். கறிவேப்பிலை கேட்டு வருவார், கேட்டது கிடைத்த பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் வராத நாளில் கதவைத் திறந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, இந்தக் கோடு பாம்பு மாதிரி போய்க்கினே கீது?" என்று கேட்டார். வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவருக்குப் புரிய வைக்க எனக்கு ரயிலைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"அக்கா, சென்ட்ரல் போற வண்டி அண்ணனூர் கிட்ட சும்மா நிக்கும்ல?"

"நிக்கும். இன்னாத்துக்கு நிக்குதுன்னு ஒர்த்தனும் சொல்ல மாட்டான்."

"அங்க இருக்கற ரயில் ஷெட்டுலேருந்து ஒரு காலி வண்டி வெளிய வந்துட்டிருக்கும். உள்ள உக்காந்திருக்கற நமக்கு அது தெரியாது. ஆனா நாம லேட்டாப் போறதை வெச்சே ஏதோ ஒண்ணு குறுக்க வந்திருக்குன்னு சொல்லிடலாம். இது அந்த மாதிரி."

அக்கா கையிலிருந்த கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தார். பிறகு, "மன்சனுக்கும் அப்டி வருமா?" என்றார்.

அவருக்கு ஒரே மகன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஐடி அலுவலகத்தில் வேலை. அலுவலகம் விட்டால் வண்டி பிடித்து நேராக வீட்டுக்கு வரும் பிள்ளை என்று நானே பார்த்திருக்கிறேன். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் பையை வாங்கிக்கொண்டு மேலே வரும். அந்தப் பிள்ளை முதலில் தாமதமாக வர ஆரம்பித்தது. பிறகு சில நாள் வராமலே இருந்தது. பிறகு ஒரு நாள் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, வேறு எங்கோ அறை எடுத்துப் போய்விட்டது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. போன் பண்ணினால் எடுப்பான், "நல்லா இருக்கேன்மா" என்பான், வைத்துவிடுவான். ஏன் போனாய் என்றால் பதில் வராது.

அக்கா விசாரிக்காத இடம் இல்லை. பெண் விஷயம் இல்லை, குடி இல்லை. வேலையில் நல்ல பெயர். எதுவும் இல்லை என்றதும் ஜோசியரிடம் போனார். ஒருவர் சனி என்றார், ஒருவர் ராகு என்றார், இன்னொருவர் குரு பார்வை இல்லை என்றார். எல்லாரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு எல்லாப் பரிகாரமும் செய்து முடித்திருந்தார்.

"ஒம்போது கெரகத்துக்கும் பண்ட்டேன்மா. ஒண்ணும் நடக்கல. இப்போ நீ சொல்றத பார்த்தா பத்தாவதா ஒண்ணு கீது போலக் கீதே. அத்த எவனும் கணக்குல எடுத்துக்கல. அப்புறம் எப்டி சரியா சொல்லுவான் ஜோசியக்காரன்?"

இது வேறு நட்சத்திரம், வேறு கோள், நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாள் வந்து, அதற்கு என்ன நிறம், என்ன தானியம் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என் வேலை அந்தக் கோளை நம்பியிருந்தது, அவர் பிள்ளை திரும்பி வருவதும் அதை நம்பியே இருந்தது. ஒரு சின்னக் கோளுக்கு இது ரொம்ப அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் நெறியாளர் அலையின் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, பெரியதா சின்னதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அலை இருப்பது உறுதி, அதை வைத்துக் கட்டுரையை எழுதுங்கள் என்றார். கார்த்திகையில் ஆராய்ச்சிக் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும். நான் எழுத ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சமையலைப் பாதி ஏற்றுக்கொண்டார். அவர் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டே நான் கோளைப் பற்றி எழுதினேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தார். கையில் காபி டம்ளர். "அது எப்போ எப்போ லேட்டா வந்துச்சுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்.

எங்கள் கணக்கில் தேதி என்று ஒன்று கிடையாது. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய ஒரு நாளிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, ஏழு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். ஜனவரியும் இல்லை, ஜூலையும் இல்லை. நான் அதைக்கூடப் பார்ப்பதில்லை, கோள் எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். இத்தனையாவது சுற்றில் பிந்தியது, இத்தனையாவது சுற்றில் முந்தியது, அவ்வளவுதான். அக்காவுக்காக முதல்முறையாக அந்த எண்களைத் தேதியாக மாற்றினேன். அலை உச்சிக்குப் போன இடத்தை எடுத்து, முதல் தேதியைப் படித்தேன். ஜூலைக் கடைசி.

"ஆடி" என்றார் அக்கா.

அடுத்த உச்சியைப் படித்தேன்.

"இதுவும் ஆடிதான்."

மூன்றாவது எண்ணை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டுப் படித்தேன்.

"ஆடி" என்று சொல்லிவிட்டு அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் மலர்ந்துபோயிருந்தது. "அவன் போனதும் ஆடியிலதான்மா. நான் அப்பவே நெனச்சேன். அப்போ சீக்கிரம் வர்றது எப்போ?"

பார்த்தேன். எல்லா வருஷமும் ஜனவரிக் கடைசியில்.

"தை" என்றார். "தையில வந்துடுவான்."

நான் அவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருஷமும் ஆடியில் பிந்தி, ஒவ்வொரு வருஷமும் தையில் முந்துகிறது. கோடி கோடி மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கோளுக்கு நம் ஊர்க் காலண்டர் எப்படித் தெரியும்? நம் வருஷத்தோடு அதற்கு என்ன சம்பந்தம்? வருஷத்துக்கு ஒரு தடவை சூரியனைச் சுற்றுவது எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. அதன்மேல்தான் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா போன பிறகு என் கணினி நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு சமயம் அந்த நட்சத்திரத்தைக் கொஞ்சம் நெருங்கியும் ஒரு சமயம் கொஞ்சம் விலகியும் இருக்கிறோம். நெருங்கியிருக்கும்போது வெளிச்சம் சில நிமிஷம் முன்னதாகவே வந்துவிடும். அதனால் நேரங்களையெல்லாம் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்த மாதிரி திருத்திக்கொள்வது வழக்கம். இந்தத் துறைக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொடுப்பார்கள். இறக்கிய அளவுகளில் இந்தத் திருத்தத்தை அவர்களே செய்து வைத்திருந்தார்கள். நான் ஆரம்பத்தில் தரையிலிருந்து எடுத்த வேறு அளவுகளுக்காக எழுதிய நிரலை அப்படியே கொண்டுவந்து, திருத்தியதை மறுபடி திருத்தியிருந்தேன். இவ்வளவு மாதமாக நான் கண்டுபிடித்து வைத்திருந்தது பூமியைத்தான்.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அலை போய்விட்டது. நேர்க்கோடு. முதல் கோள் ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறது. ஒரு தடவையாவது பிந்தி வந்து தொலைத்தால் என்ன என்று அதன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பிறகு ஆத்திரம் போய்விட்டது. அழுகை வந்தது, ஆனால் எதற்காக அழுகிறேன் என்று புரியவில்லை. இருந்து போனதற்கு அழலாம், இல்லவே இல்லாததற்கு எப்படி அழுவது? வேலை போகப்போகிறது என்றா? அல்லது அந்தக் கோளைப் பெரியதாகவும் சின்னதாகவும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்த சாயங்காலங்களுக்காகவா? இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "உன் கைடு பாத்தாரு, அவருக்கே தெரியல. குழுவுல இருக்கறவங்க தமிழ் மாசத்துலயா கேக்கப் போறாங்க?" என்றார். தப்பான மனுஷர் இல்லை. என் வேலை போகக் கூடாது என்ற கவலையில் சொன்னார். நான் தட்டைக் கழுவினேன். இரண்டு நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மூன்றாம் நாள் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்றால், நேர்மை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குழுவின் முன்னால் நின்று "இந்தக் கோள்" என்று சொல்ல வாயைத் திறந்தால் எனக்கு "ஆடி" என்றுதான் வரும் போலிருந்தது.

நெறியாளர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அனுப்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே" என்றார். இத்தனை எடைக்கு மேல் பக்கத்துக் கோள் எதுவும் அங்கே இல்லை என்று எழுதலாம், அதுவும் ஒரு முடிவுதான் என்றார். கார்த்திகையில் அப்படியே போய் நின்றேன். குழுவில் ஒருவர் பரவாயில்லை என்றார். இன்னொருவர், ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு ஒரு பட்டமா என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. இன்னும் நிறைய நட்சத்திரங்களுக்கு இதே கணக்கைப் போட்டுக்கொண்டு வாருங்கள், பதிவை ரத்து செய்யாமல் பார்க்கிறோம் என்று அனுப்பினார்கள். கல்லூரி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை வந்தது, அதில் என் பெயர் இல்லை. நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. என் வேலை போனது அவருக்குத் தெரியும், அதற்காக என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். கோள் போனது தெரியாது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சனிக்கிழமை கோயிலில் அவரைப் பார்த்தேன். நவகிரகங்களை ஒன்பது சுற்று சுற்றி முடித்தவர் நிற்கவில்லை. பத்தாவதாக இன்னொரு சுற்று சுற்றினார். முடித்துவிட்டு வடக்குப் பக்கம் காலி இடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் தூண் மறைவில் நின்று, அவர் பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

மார்கழி கடைசியில் அவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தது. எல்லா அறைக்கும் வெள்ளை, மகன் அறைக்கு மட்டும் அவனுக்குப் பிடித்த நீலம். பொங்கலுக்கு அவனுக்கு ஒரு சட்டை எடுத்து வந்து, அளவு சரியாக இருக்குமா என்று என்னை அவர் வீட்டுக்குக் கூப்பிட்டு விரித்துக் காட்டினார். "எளச்சிருப்பான்ல?" என்றார். அதற்கு மேல் என்னால் தள்ளிப்போட முடியவில்லை.

"அக்கா, அந்தக் கிரகம் இல்லக்கா."

"இன்னா இல்ல?"

"கிரகமே இல்ல. நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். நம்ம பூமி சுத்துறதைத்தான் நான் அதுன்னு நெனச்சுட்டேன். அதனாலதான் வருஷா வருஷம் ஆடி ஆடியா வந்துச்சு. அங்க லேட்டாவும் எதுவும் வரல, சீக்கிரமாவும் எதுவும் வரல. எல்லாம் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு."

அக்கா சட்டையை மடித்தார். நாலாக மடித்து, மறுபடி பிரித்து, கையை உள்ளே வைத்து மடித்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. என்மேல் கோபப்பட்டாலாவது நன்றாக இருக்கும் என்றிருந்தது, அதுவும் இல்லை.

"உன் கெரகம் லேட்டா வர்ல, சரி" என்றார். "என் புள்ள லேட்டா வந்தான்மா. அது கணக்குல தப்பு இல்லையே. நான் கதவாண்ட நின்னு பாத்துகினு இருந்தேன்ல?"

"ஆமாக்கா."

"அப்போ அவன எது இழுத்துச்சு?"

பக்கத்து அறையில் சுண்ணாம்புக்காரர் ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உனக்குத்தான் கண்டுபுடிக்கற கணக்கு தெரியும்ல. வேலையும் இப்போ இல்ல. நான் எல்லாம் ஞாபகம் வெச்சிகினுதான் கீறேன், ஒண்ணொண்ணா சொல்றேன், நீ போட்டுப் பாரு. மொதல்ல வெள்ளிக்கெழம மட்டுந்தான் லேட்டா வந்தான். நானு தோச ஊத்தாம உக்காந்துகினு இருந்தேன். அடுத்த வாரம் வியாழனும் லேட்டு, வெள்ளியும் லேட்டு..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். இதற்குக் கணக்கு இல்லை அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னதால், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன்.